ப்ராப் முப்பது டெம்போ

எதையும் அரைகுறையாகக் கற்றுக்கொள்வதில் எனக்கு இணையான ஆள் அருள்புரம் வட்டாரத்தில் கிடையாது. இந்தியில் கேள்வி கேட்கத் தெரியும். பதில் வந்தால் புரியாது. நீச்சலில் கையை வீசத் தெரியும். கால் தரையை விட்டு எழும்பாது. காரை முன்னால் ஓட்டுவேன். ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் யாராவது பின்னால் நின்று வண்டியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப் பாதிப் பாதியாகக் காலம் தள்ளிவந்தவன் வானிலையிலும் பாதி தெரிந்துகொண்டேன். மீதிப் பாதி காரணம்பேட்டை டீக்கடையில் தெரிந்தது. இடையில் நடந்ததைத்தான் என் வீட்டில் இன்றுவரை விருந்தாளிகளுக்குக் காபியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

என் மாமனாருக்குப் பூர்வீகம் பொங்கலூர். சின்ன வெங்காயமும் தென்னையும் வைத்திருந்த குடும்பம். வெங்காயம் கைவிட்ட ஒரு வருடத்தில் அருள்புரத்தில் ஷெட் போட்டு பனியன் தைக்க இறங்கினார். நான் மாப்பிள்ளையாக வந்தபோது கம்பெனி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எல்லாம் ஜாப் ஒர்க். பெரிய எக்ஸ்போர்ட்டர் துணி கொடுப்பார், லேபிள் கொடுப்பார், நாங்கள் தைத்துக் கொடுப்போம். சட்டை வெளிநாடு போகும், எங்கள் பெயர் அருள்புரத்தைத் தாண்டாது. மாமாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நேரடியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும் என்று புதிதாக ஒரு ஷெட் கட்டி, மெஷின்களையும் இறக்கிவிட்டார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. மணப்பெண் வராத மண்டபம் மாதிரி இருக்கும் அந்த ஷெட்.

அப்போதுதான் டென்மார்க்கில் குழந்தைகள் உடுப்பு விற்கும் ஒரு கம்பெனி எங்களுக்குப் பதில் போட்டது. இங்கா என்று ஒரு அம்மாளை அனுப்புகிறோம், ஒரே ஒரு நாள்தான் இருப்பார், காலை விமானத்தில் கோயமுத்தூர் வந்து சாயங்கால விமானத்தில் மும்பை திரும்பிவிடுவார், கம்பெனி முழுவதையும் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால் உங்களிடம் நேரடியாக வாங்குகிறோம் என்றார்கள். போட்டால் எக்ஸ்போர்ட்டர், போடாவிட்டால் ஆயுசுக்கும் ஜாப் ஒர்க். மாமா அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இங்காவை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வரும் பொறுப்பு எனக்கு. நான் அந்தக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். (அது விசிட்டிங் கார்டில் போட்டிருப்பது. உண்மையான பதவி மாப்பிள்ளை. அந்தப் பதவியில் இருப்பவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.)

இதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் டெல்லியில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது என் விமானம் கோயமுத்தூர் மேலே வந்து, கீழே மழையைப் பார்த்து, நான்கைந்து சுற்றுச் சுற்றி, கொச்சியில் போய் இறங்கியது. எல்லோரும் முனகிக்கொண்டிருக்க, பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் நிதானமாகக் கடலை கொறித்தார். “இதைத்தான் காலையிலயே போட்டிருந்தானே” என்று போனைக் காட்டினார். விமானிகளுக்காகத் தனியாக வானிலை முன்னறிவிப்பு உண்டாம். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் இரண்டு மூன்று வரி. எழுத்தும் எண்ணுமாக, அட்டைப் பெட்டி மேல் அடிக்கும் ஷிப்பிங் மார்க் மாதிரியே இருந்தது. எனக்கு ஞானக்கண் திறந்துவிட்டது. கொச்சி தரையிலேயே அந்த ஆப்பை இறக்கிக்கொண்டேன். வீடு வந்து சேர்வதற்குள் பாதி எழுத்துகளுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன். (என் வழக்கம்.)

அன்றிலிருந்து நான் ஆள் மாறிப்போனேன். காலையில் பல் துலக்கும் முன் கோயமுத்தூர் ஏர்போர்ட்டின் நிலவரத்தை எடுத்துவிடுவேன். பிரிண்ட் எடுத்துக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். தையல் ஆட்கள் அதைப் புதிய பீஸ் ரேட் என்று நினைத்துக் கூட்டமாக நின்று படித்துப் பார்த்துவிட்டு, ஏமாந்து போவார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் குமரேசன் மட்டும் மரியாதையாக, “இன்னைக்கு என்னங்க போட்டிருக்குது?” என்பார். “விசிபிலிட்டி ஆறாயிரம்” என்பேன். “ரொம்ப நல்லதுங்க” என்று சொல்லிவிட்டுக் கட்டிங் பக்கம் போய்விடுவார்.

மாமாவிடம் மட்டும் என் ஜம்பம் பலிக்கவில்லை. வானிலை அறிக்கை என்றாலே அவருக்கு ஆகாது. முன்பு ஒரு தடவை ரேடியோவில் பெருமழை என்றார்கள் என்று முற்றாத வெங்காயத்தைப் பிடுங்கினாராம். ஒரு பொட்டு மழை இல்லை. அடுத்த தடவை வறட்சி என்றார்கள் என்று காட்டிலேயே விட்டாராம். வெங்காயம் தண்ணியில் மிதந்ததாம்.

“அவிங்க மழைன்னு சொன்னா நான் குடையை ஊட்டுல வெச்சுட்டுப் போவனுங்க. இன்னைய வரைக்கும் நனைஞ்சதில்லை.”

“அது அந்தக் காலமுங்க மாமா. இப்ப மேல சேட்டிலைட் இருக்குது, ராடார் இருக்குது, கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. முந்தியெல்லாம் நாளைக்கு மழைன்னு பொத்தாம் பொதுவாச் சொல்லுவாங்க. இப்ப எந்த ஏர்போர்ட்டுக்கு மேல, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு சொல்றாங்க. அதுலயும் ஏரோப்ளேனுக்குச் சொல்றது டிவியில சொல்றது மாதிரி இல்லீங்க.”

“ஏனுங்க மாப்பிள்ளை, ரெண்டுக்கும் ஒரே வானந்தானுங்களே?”

நான் சொன்னதில் தப்பு ஏதும் இல்லை என்று இன்றும் சாதிப்பேன். விமானத்துக்குச் சொல்லும் வானிலை முன்பைவிட எவ்வளவோ தேறிவிட்டது. அதைப் படிக்கிறவர்கள் தேறினார்களா என்பது வேறு விஷயம். துணி ஐந்து சதவீதம் சுருங்கும் என்று லேப்பில் சொன்னால் எங்கள் ஊரில் அதற்குத் தகுந்த மாதிரி வெட்டுவோம். கட்டிங் கழிவு இத்தனை சதவீதம் என்றால் அதையும் சேர்த்து நூல் வாங்குவோம். சதவீதத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் வானம் முப்பது சதவீதம் இடிக்கலாம் என்று சொல்லிவிட்டால் போதும், பாதிப் பேர் நூறு என்று எடுத்துக்கொள்வோம், மீதிப் பேர் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வோம். மாமா பூஜ்யம் கட்சி. நான் நூறு.

இங்கா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆப்பைத் திறந்தேன். ‘ப்ராப் முப்பது டெம்போ’ என்று போட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இடியோடு மழை என்றிருந்தது. ப்ராப் முப்பது என்றால் நடப்பதற்கு முப்பது சதவீத வாய்ப்பு. டெம்போ என்றால் அந்த நேரத்துக்குள் விட்டு விட்டு வரும் என்று அர்த்தம். ‘டெம்பரரி’ என்பதன் சுருக்கம். இங்காவின் விமானம் காலை பத்து மணிக்கு. நடுவில் மாட்டுகிறது. எனக்குப் புல்லரித்தது.

அந்த அறிவிப்பின் தலையில், வெளியிட்ட நேரத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டி ‘இசட்’ இருந்தது. அதையும் கவனிக்கத்தான் செய்தேன். எங்கள் தொழிலில் இசட் என்றால் நூலின் முறுக்கு எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம். வானிலைக்காரர்களுக்கும் ஏதோ முறுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். “நாளைக்கு மேடம் ப்ளைட் கோயமுத்தூர்ல எறங்காதுங்க மாமா. கொச்சிக்குத் திருப்பிருவாங்க. நான் காருல கொச்சிக்குப் போயி நிக்கறேன். எறங்கற எடத்துல நம்ம ஆளைப் பார்த்தா அவிங்களுக்கு எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க.”

மாமா ரசம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கம்பெனியில் வெளி ஆளை ஏற்றக்கூடிய கார் அது ஒன்றுதான். “அங்க வரலீன்னா?”

“வராம எங்க போகுதுங்க?”

என் மனைவி கார்த்திகா குழம்புக் கரண்டியோடு நின்றாள். “ஏனுங்க, இங்கயே எறங்கிருச்சுன்னா?”

“எறங்காது.”

“எறங்கிருச்சுன்னா?”

“கார்த்தி, பைலட்டுக்கு என்ன தகவல் வருதோ அதேதான் எனக்கும் வருது.”

“பைலட்டுக்கு அதைப் படிக்கத் தெரியுமுங்க.”

மாமா அவளைப் பார்வையாலேயே அடக்கினார். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வது அந்த வீட்டில் அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. (மறுநாளோடு அந்தத் தடை நீங்கியது. இன்றுவரை திரும்பப் போடவில்லை.) “படிச்சவிங்க சொல்றீங்க” என்றார். அந்த வாக்கியத்தின் பாரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

விடியும் முன்பே கிளம்பினேன். கிளம்பும்போது குமரேசனுக்கு ஒரு தகவல் தட்டினேன். சாதாரண ஆள் என்றால் ‘மழை வரும்போல, அதனால் கொச்சி போகிறேன்’ என்று போடுவான். நான் இப்படிப் போட்டேன்: ‘மேடத்தைக் கூட்டியார கொச்சி போறேன். கோயமுத்தூர் ஏர்போர்ட் ப்ராப் 30 டெம்போ 9 டு 12.’

உடனே ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. எங்கள் ஊரில் புரிந்ததற்கும் புரியாததற்கும் அதே கட்டைவிரல்தான்.

கொச்சிக்கு என்ன முன்னறிவிப்பு என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நான் இங்காவின் பெயரை எழுதிய அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகை வாசலில் நின்றேன். பத்து ஆயிற்று, பத்தே கால் ஆயிற்று. வாசல் காவலரிடம் போய், மும்பையிலிருந்து கோயமுத்தூர் போகும் விமானம் எப்போது இங்கே வரும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கோயம்புத்தூர் ப்ளைட் கோயம்புத்தூர்ல அல்லே இறங்கும், சாரே?”

அதே நேரம் போன் அடித்தது. எங்கள் டெம்போ டிரைவர் செபஸ்தியான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டையிங் என்ற சாயப்பட்டறையிலிருந்து துணி எடுத்து வருவதும், பெட்டி ஏற்றிப் போவதும் அவர் வேலை. அவர் எதற்கு என்னைக் கூப்பிடுகிறார் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

“அண்ணாச்சி, மேடம் வந்துட்டாவ.”

“எந்த மேடம்?”

“அட்டையில எழுதிக் குடுத்த மேடந்தான். இங்க கோயமுத்தூர் ஏர்போர்ட்ல, என் பக்கத்துலதான் நிக்காவ. வெயிலு மண்டையப் பொளக்கு. கையில ஒரே ஒரு பெட்டிதான் வச்சிருக்காவ. மிச்சம் இருபத்தொம்பதும் அடுத்த ப்ளைட்ல வருதா அண்ணாச்சி?”

“நீங்க எப்படி அங்க போனீங்க?”

“குமரேசண்ணன்தான் ஒம்போதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஏர்போர்ட்ல டெம்போவப் போட்டு வைக்கச் சொன்னாவ. லோடு ஏத்த ரெண்டு பயலுவளும் வந்திருக்கானுவ. கயிறு, தார்ப்பாய் எல்லாம் இருக்கு.”

குமரேசனைக் கூப்பிட்டேன். அவர் மேல் எனக்கு வந்த கோபம் அவர் விளக்கம் சொன்னதும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவ்வளவு ஒழுங்காக யோசித்திருந்தார்.

“நீங்கதானுங்களே போட்டீங்க? ப்ராப்னா ப்ராப்ளம். முப்பதுன்னா முப்பது பெட்டி. மேடம் கொச்சியில எறங்கறாங்க, அவங்க சாம்பிள் பெட்டி முப்பதும் கோயமுத்தூர்ல எறங்குது, காருல கொள்ளாது, அதுதான் ப்ராப்ளம், அதனால ஒம்போதுல இருந்து பன்னெண்டுக்குள்ள டெம்போ அனுப்பணும். சரிங்களா?”

“அது டெம்போ இல்லீங்க குமரேசன். டெம்பரரி.”

“ஆமாங்க, டெம்பரரியாத்தானுங்க அனுப்பினேன். மத்தியானம் அதுக்கு டையிங் லோடு இருக்குதுங்க.”

செபஸ்தியான் கையிலிருந்த அட்டையும் குமரேசன் கைவண்ணம்தான். பெட்டிகளை அடையாளம் காண வேண்டுமே என்று அட்டைப் பெட்டியைக் கிழித்து, ஸ்டென்சில் வைத்து மையடித்திருந்தார்: மேலே இங்கா, கீழே டென்மார்க், அதற்குக் கீழே பெட்டி எண் ஒன்று முதல் முப்பது வரை, நெட் வெயிட், கிராஸ் வெயிட். எடை இரண்டையும் நிரப்பாமல் விட்டிருந்தார். பெட்டி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று. இங்கா அதை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாராம். பிறகு, லோடுமேன்கள் கைகொடுக்க, டெம்போவின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம். அவருடைய ஒற்றைப் பெட்டியைப் பின்னால் வைத்து, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வந்த வேலையைச் செய்யாமல் போகக் கூடாதல்லவா.

கம்பெனியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பாலக்காட்டைத் தாண்டி வரும்போது கார்த்திகா போனில் சொன்னாள். அதன் பிறகு அதை அவள் சொல்லிக் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

மேடம் டெம்போவில் வருகிறார் என்று தெரிந்ததும் மாமா பட்டு வேட்டி மாற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடியிருக்கிறார். செக்கிங் பிரிவுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு, பன்னீர்ச் சொம்போடு வரிசையாக நின்றிருக்கிறார்கள். எல்லோர் கண்ணும் ரோட்டில். ஆனால் செபஸ்தியான் வருடக்கணக்காக டெம்போவைப் பின் கேட்டில்தான் விடுவார். அன்றும் அங்கேதான் விட்டார். பின் கேட் செக்யூரிட்டி, டெம்போவில் எது வந்தாலும் இன்வேர்ட் சீட்டுப் போடாமல் உள்ளே விட மாட்டார். அவரும் போட்டார். மேடம் – ஒண்ணு. பெட்டி – ஒண்ணு. ஷார்ட்டேஜ் – இருபத்தொன்பது.

அப்புறம் இங்கா கட்டிங் வழியாக, தையல் வழியாக, வழி கேட்டுக் கேட்டு முன்பக்கம் வந்திருக்கிறார். வாசலில் ஒரு கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. யாரோ பெரிய மனிதர் வரப் போகிறார் போல என்று அவரும் பின்வரிசையில் போய் நின்றுகொண்டார். யாரோ ஒரு பெண் அவர் கையிலும் கொஞ்சம் பூவைக் கொடுத்து, தூவச் சொல்லி ஜாடை காட்டினாளாம். தன்னை வரவேற்பதற்காகத் தானே பூவோடு காத்து நின்ற முதல் விருந்தாளி அவராகத்தான் இருக்கும்.

“அப்பா ரோட்டையே பார்த்துட்டு நிக்கறாரு” என்றாள் கார்த்திகா. “பின்னால இருந்து தோளைத் தட்டினாங்க. அப்பா திரும்பாமலே, ‘கொஞ்சம் பொறு சாமி, மேடம் இப்ப வந்துருவாங்க’ன்னுட்டாரு.”

போனை வைத்துவிட்டு வண்டியை இன்னும் வேகமாக விட்டேன்.

சூலூர் தாண்டும்போது வானம் கறுத்தது. காரணம்பேட்டை வரும்போது வைப்பர் ஓடியும் ரோடு தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கினேன். இடி ஒன்று விழுந்து, கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைத் துள்ள வைத்தது. மணி பார்த்தேன். இரண்டரை தாண்டியிருந்தது. ஏதோ பொறி தட்டியது. போனை எடுத்து அந்தக் குட்டி ‘இசட்’டுக்கு அர்த்தம் தேடினேன்.

உலகம் பூராவும் விமான வானிலையை ஒரே கணக்கில், லண்டன் பக்கத்துக் கடிகாரத்துப்படிதான் எழுதுவார்களாம். அதற்கு அடையாளம் அந்த இசட். நம்ம ஊர் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஒன்பதும் ஐந்தரையும் பதினாலரை. மத்தியானம் இரண்டரை. பன்னிரண்டும் ஐந்தரையும் பதினேழரை. சாயங்காலம் ஐந்தரை. அவர்கள் முப்பது சதவீதம் என்று அடக்கமாகச் சொன்ன இடி, நான் கணக்கைக் கூட்டி முடித்தபோது கடைக்கு எதிரில் இன்னொரு தடவை விழுந்தது.

காரணம்பேட்டையில் காரணம் தெரிந்தது.

பக்கத்து பெஞ்சில் நனைந்து உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடம் திரும்பினார். “பாருங்க, இந்த மழை வரும்னு எவனாச்சும் சொன்னானுங்களா? வானிலைக்காரன் சொல்லி எதுதான் நடந்திருக்குது?”

அந்தக் கடையிலேயே, ஏன் அந்த ஊரிலேயே, இந்த மழையை நேற்றே எழுத்தில் வாங்கி வைத்திருந்த ஒரே ஆள் நான். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா ஆபீஸ் அறையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். இங்கா வேர்க்கடலை உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொட்டச் சொட்ட நின்று, கொச்சிக்கு ஏன் போனேன் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். எந்த மொழியில் சொன்னாலும் அது அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. இங்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பைலட் இரண்டு ஊருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு ஒரு ஊருக்குக் கிளம்புவார். நீங்கள் இருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு, நான் வராத ஊருக்குக் கிளம்பியிருக்கிறீர்கள்.”

மாமாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். பழைய ஷெட்டை இங்கா பார்த்து முடித்துவிட்டார். புது ஷெட் பாக்கி. இடியில் கரண்ட் போயிருந்தது. இருந்த ஜெனரேட்டர் பழைய கட்டடத்தின் விளக்குகளுக்கு மட்டும்தான் போதும்; புது ஷெட்டுக்கு இணைப்பே இன்னும் கொடுக்கவில்லை. இருட்டு ஷெட்டில், ஓடாத மெஷினைக் காட்டி என்ன கையெழுத்து வாங்குவது. இங்காவும் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடியில் சாயங்கால விமானம் கிளம்பாது, மும்பையில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டுவிடுவேன், இப்போதே காரில் பெங்களூர் போய்விடுகிறேன் என்றார். பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவரே அவிழ்த்துவிட்டார்.

அவர் கிளம்பினால் முழுசாகப் பார்க்காமல் கிளம்புகிறார். பார்க்காமல் கிளம்பினால் கையெழுத்து இல்லை. மாமா புது ஷெட் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். நான் போனைத் திறந்தேன். புதிய அறிவிப்பு வந்திருந்தது. ஒவ்வொரு எண்ணாக விரல் விட்டுக் கூட்டினேன்.

“மாமா, மழை அஞ்சரை வரைக்குந்தானுங்க. அப்புறம் தெளிஞ்சுரும். ப்ளைட் போகும். மேடத்தை இருக்கச் சொல்லுங்க.”

குமரேசன் கூரையைப் பார்த்தார். மாமா என்னருகில் வந்து, ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க மாப்பிள்ளை. இது நம்ம மணியா, வானத்து மணியா?”

“நம்ம மணிங்க மாமா. அஞ்சரை கூட்டியாச்சுங்க.”

“ரெண்டு தடவை கூட்டீரலையே?” என்றாள் கார்த்திகா வாசலிலிருந்து.

வெங்காயம் இரண்டு தடவை மாமா கண் முன்னால் போயிருக்கும். வானிலைக்காரர்களை நம்பவே கூடாது என்று ஆயுசு முழுக்க இருந்தவர், இப்போது அவர்களோடு சேர்த்து என்னையும் நம்ப வேண்டியிருந்தது. இரண்டில் எது அதிகக் கஷ்டம் என்று நான் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இங்காவிடம் போனார்.

“மேடம், ரெயின் கோயிங். யூ சிட்டிங். டீ கமிங்.”

இங்கா சிரித்துவிட்டார். உட்கார்ந்தார்.

ஐந்தரை ஆயிற்று. மழை நிற்கவில்லை. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால்கூடத் தேவலை. டீ இரண்டாவது சுற்றும் வந்துவிட்டது. இங்கா போனில் பெங்களூருக்கு எத்தனை தூரம் என்று தேடிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னோடு ஒரு தடவைகூடப் பேசியிராத கோயமுத்தூர் வானிலை அலுவலர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் கும்பிட்டேன். பிறகு, யாரோ குழாயைத் திருகுவது மாதிரி, சத்தம் மெலிந்தது. சொட்டியது. நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பாதித் தையலில் நின்றிருந்த மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மூச்சு விட்டன.

புது ஷெட்டில் விளக்குப் போட்டு, இங்கா கையாலேயே ஒரு மெஷினின் உறையைப் பிரிக்க வைத்தார் மாமா. எல்லாம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். விமானம் கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும் கிளம்பியது. ஏர்போர்ட்டுக்குக் காரை நான் எடுக்கப் போனேன். “நீங்க ஊட்டுல இருங்க மாப்பிள்ளை” என்று மாமா சாவியைச் செபஸ்தியானிடம் கொடுத்தார்.

அன்று சாப்பிடும்போது மாமா சொன்னார்: “நீங்க சொன்னது வாஸ்தவந்தானுங்க. வானிலைக்காரங்க இப்பத் தேறிட்டாங்க.” யார் தேறவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவர் அவ்வளவு மரியாதையானவர்.

டென்மார்க்கிலிருந்து மெயில் வந்தது. குளிர்காலத்துக்கான பெரிய ஆர்டர், தொப்பி வைத்த சட்டைகள், வேறு ஊருக்குப் போய்விட்டது. எங்களுக்குச் சோதனை ஆர்டராகக் குழந்தை ஜட்டி. கூடவே, வேறு யாருக்கும் போட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் இரண்டு நிபந்தனைகள்: எல்லா நேரமும் இந்திய நேரமாகவே எழுத வேண்டும், சுருக்கெழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா மெயிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “இதுல என்னங்க கொறச்சல்? மேல எத்தனை கோட்டுப் போட்டாலும், மனுசன் தெனமும் மொதல்ல போடறது இதைத்தானுங்களே” என்றார். அந்த ஜட்டிதான் இன்றுவரை புது ஷெட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் சட்டையும் வந்தது. தொப்பி மட்டும் இன்னும் வரவில்லை.

குமரேசன் ஆபீஸ் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டினார். ஒன்றின் கீழே ‘நம்ம மணி’, இன்னொன்றின் கீழே ‘வானத்து மணி’. கார்த்திகாவுக்குப் பிரசவத் தேதி குறித்துக் கொடுத்த டாக்டரிடம் மாமா ‘நம்ம மணியா, வானத்து மணியா’ என்று கேட்டுவிட்டார்; டாக்டருக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறந்த மகளுக்கு இப்போது பள்ளிக்கூட வயசு. ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்று நான் போனில் சொன்னால், “எந்த மணிப்பா?” என்கிறாள். வீட்டில் எது உறுதியில்லாவிட்டாலும் அதற்குப் பெயர் ப்ராப் முப்பது. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்திகா அதைச் சொல்லிவிடுகிறாள்.

மாமாவின் போனிலும் அந்த ஆப் இப்போது இருக்கிறது. ஐந்தரையை மனதுக்குள்ளேயே கூட்டிவிடுகிறார். போன வாரம் நான் பொங்கலூர் தோட்டத்துக்குப் பைக்கில் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “ப்ராப் நாப்பது போட்டிருக்குதுங்க மாப்பிள்ளை. நம்ம மணிக்கு மூணரையில இருந்து அஞ்சரை. கோட்டு எடுத்துக்குங்க.”

நாற்பதுதானே, அறுபது நம் பக்கம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருடத்தில் சதவீதமாவது எனக்குப் புரிந்திருந்தது. கோட்டை எடுக்கவில்லை.

நாலேகாலுக்குப் பல்லடம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில், பைக்கில் தண்ணீர் புகுந்து நின்றுபோக, நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் டெம்போ வந்து நின்றது. இரண்டு லோடுமேன்கள் கயிறும் தார்ப்பாயுமாக இறங்கினார்கள். செபஸ்தியான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“பெட்டி எத்தனை, அண்ணாச்சி?”